அப்பாவின் ஹேண்டிகேமும் 22 டேப்புகளும்: எதை முதலில் செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது. அப்பா 2003-இல் சிங்கப்பூரில் வேலை முடிந்து ஊர் திரும்பும்போது வாங்கி வந்த சோனி ஹேண்டிகேம் பரணிலிருந்து கிடைத்திருக்கிறது. கூடவே ஒரு பிஸ்கட் டப்பாவில் 22 சின்னக் கேசட்டுகள். பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை; அடாப்டரை இணைத்தால் விளக்கு எரிகிறது, திரை தேதி கேட்கிறது. கடையில் விசாரித்தால் டிவிடியாக மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். இந்தக் கேமராவில் புதிதாகப் படம் எடுக்கலாமா, பழைய டேப்புகளை என்ன செய்வது, பேசாமல் விற்றுவிடலாமா?

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் வரிசை என்னுடையது. இருபது ஆண்டுகளுக்கு மேலான ஒரு கேமராவின் உள்ளே இன்னும் எத்தனை மணி நேர ஓட்டம் மிச்சம் இருக்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. இருக்கிற ஓட்டத்தை முதலில் அந்த 22 டேப்புகளுக்குக் கொடுங்கள். புதுப் படம் எடுக்கும் ஆசை அதுவரை காத்திருக்கட்டும். ஆசையோடு கேமராவை எடுத்து, மொட்டை மாடியில் நின்று காக்கை, தென்னைமரம் என்று எடுத்துத் தள்ளி, மூன்றாம் நாள் இயந்திரம் டேப்பை மென்று துப்பிய பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களுடைய டேப்புகள் இன்னொரு கேமராவைத் தேடிக் காத்திருக்கின்றன.

அந்தக் கேசட்டின் பெயர் மினிடிவி. நம் எழுத்தில் எழுதினால் சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி என்று தோன்றும். இங்கே ‘டிவி’ என்பது டிஜிட்டல் வீடியோ. 1995-இல் வந்த முறை. இது பழைய விஎச்எஸ் போல அனலாக் அல்ல என்பதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியமான செய்தி. டேப்பில் இருப்பது எண்கள். கேமராவின் உள்ளே 21.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை நிமிடத்துக்கு 9,000 சுற்று சுழல்கிறது. அதில் உள்ள இரண்டு ஹெட்டுகள், அதாவது எழுதவும் படிக்கவும் செய்யும் சிறு காந்த முனைகள், கால் அங்குல அகல டேப்பின் மேல் சாய்வான கோடுகளாக எழுதிக்கொண்டே போகின்றன. நம் ஊர் ‘பால்’ என்ற தொலைக்காட்சி முறையில் ஒரு பிரேமுக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, 12 கோடுகள். விநாடிக்கு 25 பிரேம். ஆக விநாடிக்கு 300 கோடுகள். ஒவ்வொரு கோட்டின் அகலமும் 10 மைக்ரான், தலைமுடியைவிடப் பல மடங்கு குறுகல். டேப்போ விநாடிக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை. உள்ளங்கைக்குள் இப்படி ஒரு நுட்பத்தை அடக்கி, அதைக் கல்யாண வீட்டில் குழந்தைகள் கையில் கொடுத்தும் ஓடவைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

எண்கள் என்பதால் என்ன லாபம்? அந்த எண்களை அப்படியே கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கலாம். கடைக்காரர் ‘மாற்றித் தருகிறோம்’ என்கிறாரே, மாற்ற வேண்டியதே இல்லை. பென் டிரைவிலிருந்து கோப்பை இழுத்துப் போடுவது போன்றதுதான். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஓட வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு. டேப்பில் என்ன தரம் இருந்ததோ அது துளியும் குறையாமல் வரும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி. உங்கள் 22 டேப்புகளும் நிரம்பியிருந்தால் 290 ஜிபி பக்கம் ஆகும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு இது ஒரு மூலைக்குக் காணாது. டிவிடியில் போட்டால் அதே படத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக நசுக்கித்தான் போட வேண்டும். அதற்குக் காசும் கொடுத்து, பத்து வருடத்தில் அந்தத் தட்டு படிக்க மறுப்பதையும் பார்க்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். பழைய பேட்டரியை மறந்துவிடுங்கள். லேசாக உப்பியிருந்தாலும் அதைக் கேமராவில் மாட்டாதீர்கள், உயிர்ப்பிக்கவும் முயல வேண்டாம். நகல் எடுக்க அடாப்டர் போதும். அதுதான் நல்லதும்கூட, பாதியில் நின்று போகாது. தேதி கேட்பதற்குக் காரணம், கடிகாரத்துக்கென உள்ளே இருக்கும் பொத்தான் அளவு மின்கலம் வடிந்துபோனது. அடாப்டரை இணைத்து, கேமராவை அணைத்த நிலையில் ஒரு முழு நாள் விட்டுவையுங்கள். பல சோனி மாடல்களில் அது தானாகச் சார்ஜ் ஏறிக்கொள்ளும்.

பிறகு கேசட் கதவு. இங்கேதான் பலர் கேமராவைக் கொல்கிறார்கள். வெளி மூடியைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தட்டு மெல்ல மேலெழுந்து வரும். கேசட்டை வைத்து, ‘புஷ்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் அழுத்துங்கள். தட்டு தானாக இறங்கி, உள்ளே டேப்பை உருளையைச் சுற்றி இழுத்துக்கொள்ளும் சத்தம் அடங்கும் வரை கைகட்டி நில்லுங்கள். அதற்குப் பிறகே வெளி மூடி. அவசரத்தில் வெளி மூடியை வைத்து அமுக்கினால் தட்டு கோணிக்கொள்ளும். அப்புறம் அது மூடவும் மூடாது, திறக்கவும் திறக்காது.

முதலில் உள்ளே போகிற கேசட் அக்காவின் கல்யாணமாக இருக்கக் கூடாது. போனாலும் பரவாயில்லை என்கிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் இத்தனை வருடத்தில் இறுகியிருக்கும், ரப்பர் உருளை கெட்டியாகியிருக்கும். அந்தக் கேசட்டைப் போட்டு எடுப்பதை நாலைந்து தடவை செய்யுங்கள். பிறகு கொஞ்சம் ஓட்டிவிட்டு வெளியே எடுத்து, கேசட்டின் சிறு மூடியைத் திறந்து டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். மடிப்போ சுருக்கமோ தெரிந்தால் அந்தக் கேமராவில் இன்னொரு டேப்பைப் போடாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் போங்கள், அல்லது அதே முறையில் ஓடும் வேறு கேமராவைத் தேடுங்கள்.

டேப்புகளையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகச் சுருளின் மேல் வெள்ளைப் பொடியோ நரை நரையாகப் புள்ளிகளோ தெரிந்தால் அது பூஞ்சணம். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. அப்படிப்பட்ட டேப்பை மற்ற டேப்புகளோடு வைக்காதீர்கள், கேமராவிலும் போடாதீர்கள். ஒன்று ஓடினால் பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்புக்கும் போய்ச் சேரும். அதைச் சுத்தம் செய்வதற்கென்று வேறு ஆட்கள், வேறு இயந்திரம். அதை மட்டும் அவர்களிடம் கொடுங்கள். மற்ற எல்லாக் கேசட்டுகளிலும் பின்விளிம்பில் இருக்கும் சிறு தாழ்ப்பாளை ‘சேவ்’ பக்கம் தள்ளிவிடுங்கள். தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது.

திரையில் ‘சி’ என்ற எழுத்தோடு ஓர் எண் மினுக்கினால் பயப்பட வேண்டாம், கேமரா உங்களிடம் பேசுகிறது. சோனியில் சி:21 என்றால் உள்ளே ஈரம் படிந்திருக்கிறது. கேசட்டை எடுத்துவிட்டு மூடியைத் திறந்தபடி ஒரு மணி நேரம் விடுங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு சித்திரை மாத வெயிலுக்கு வந்தால் இது வரும். சி:22 என்றால் ஹெட்டில் அழுக்கு. சி:31, சி:32 என்றால் இயந்திரப் பகுதியில் ஏதோ சிக்கல். கேசட்டை எடுத்து, மின்சாரத்தையும் துண்டித்து, மறுபடி ஒருமுறை முயன்று பாருங்கள். அப்போதும் வந்தால் மெக்கானிக்தான்.

இப்போது எல்லோரும் தவறு செய்கிற இடம்: கம்பி. கேமராவில் யுஎஸ்பி துளை இருக்கும். அதைப் பார்த்ததும் மனம் குளிரும். அந்தக் காலத்துக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் அது மெமரி கார்டில் இருக்கும் புகைப்படங்களை இறக்குவதற்கும், வெப்கேம் போலச் சின்னப் படம் காட்டுவதற்கும் மட்டுமே. டேப்பில் இருப்பது முழுமையாக வெளியே வரும் வழி, பக்கத்தில் ‘டிவி’ அல்லது ‘ஐ-லிங்க்’ என்று எழுதியிருக்கும் சின்னஞ்சிறு நான்கு முனைத் துளை. வீடியோவை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கடத்தும் ஃபயர்வயர் என்ற இணைப்பு முறைக்குச் சோனி வைத்த பெயர் ஐ-லிங்க். இணையக் கடைகளில் ஒரு முனை ஃபயர்வயர், மறு முனை யுஎஸ்பி என்று சில நூறு ரூபாய்க்குக் கேபிள் விற்கிறார்கள். வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு மொழி; நடுவில் மொழிபெயர்ப்பவர் யாரும் இல்லாமல் கம்பியை மட்டும் ஒட்டவைத்தால் பேசிக்கொள்ள முடியாது. என்னிடம் அப்படி இரண்டு கேபிள்கள் இருக்கின்றன. ஒன்று ஏமாந்து வாங்கியது, இன்னொன்று நம்பிக்கையோடு வாங்கியது.

உண்மையில் வேண்டியது ஃபயர்வயர் துளை உள்ள கம்ப்யூட்டர். பழைய மேசைக் கணினி இருந்தால் அதன் உள்ளே செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பொருத்திவிடலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் தலைவலி குறைவு. விண்டோஸில் வின்டிவி என்ற குட்டி மென்பொருள் போதும். லினக்ஸில் டிவிகிராப். விண்டோஸ் 10 வந்த பிறகு சில கார்டுகள் முரண்டு பிடிக்கின்றன. ‘லெகசி’ என்ற பழைய டிரைவரை நிறுவினால் பெரும்பாலும் வழிக்கு வரும். மேக் வைத்திருப்பவர்கள் இதுவரை இரண்டு அடாப்டர்களைத் தொடராகக் கோத்து, தண்டர்போல்ட் வழியாகச் சமாளித்துக்கொண்டிருந்தோம். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-இல் ஆப்பிள் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டது. ஆகவே பழைய மேக் ஒன்று வீட்டில் தூங்கினால் அதைப் புதுப்பிக்காமல் அப்படியே வைத்திருங்கள். இந்த வேலைக்கு அதுதான் தங்கம். யாருடைய வீட்டிலாவது விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய மடிக்கணினி கிடந்தால், அதன் ஓரத்தில் அந்த நான்கு முனைத் துளை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பலவற்றில் இருக்கும்.

இணைக்கும்போது இரண்டையும் அணைத்துவிட்டு இணையுங்கள். கம்ப்யூட்டர் பக்கத்து ஆறு முனை பிளக்கைத் தலைகீழாகத் திணித்துக் கேமராவின் டிவி துளையைப் பொசுக்கியவர்கள் ஏராளம். அதைப் பழுது பார்க்க இன்று உதிரிப் பாகம் கிடைக்காது. கேமராவை ‘விசிஆர்’ அல்லது ‘பிளே’ நிலையில் வையுங்கள், டேப்பைக் கடைசி வரை முன்னோக்கி ஓட்டி, மறுபடி முழுதாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒரே நிலையில் இறுகியிருந்த சுருள் தளர்ந்து சமமாகும். பிறகு கேப்சர், அதாவது டேப்பை ஓட்டிக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வது. கம்ப்யூட்டரில் அப்போது வேறு வேலை எதுவும் செய்யாதீர்கள். சேமிக்கும் டிஸ்க் ஃபேட்32 என்ற வடிவமைப்பு முறையில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டியதும், அதாவது இருபது நிமிடத்துக்குள், பதிவு நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

படத்தில் சதுரம் சதுரமாகச் சிதறினால் அந்த இடத்தில் எண்களைப் படிக்க முடியவில்லை என்று பொருள். படம் பட்டை பட்டையாகப் பிரிந்து, ஒரு பட்டை நகர, அடுத்த பட்டை உறைந்து நின்றால் டேப்பின் மேல் பழி போடாதீர்கள். இரண்டு ஹெட்டில் ஒன்று அடைத்திருக்கிறது. அது எழுதிய கோடுகள் மட்டும் வரவில்லை. சுத்தம் செய்யும் கேசட்டைப் போட்டுப் பத்து விநாடி ஓட்டி நிறுத்துங்கள். அதைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி பயன்படுத்த வேண்டாம். அதுவும் ஒரு வகையில் உப்புத்தாள்தான், அடிக்கடி போட்டால் ஹெட்டையே தின்றுவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுத் துடைக்கும் எண்ணம் வந்தால் கேமராவைப் பூட்டி வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். ஒரு நூல் இழை சிக்கினால் ஹெட் போயிற்று. இங்கொன்று அங்கொன்றாகச் சிதறல் வந்தால் அதே டேப்பை மறுபடி ஒருமுறை ஓட்டி இன்னொரு நகல் எடுங்கள். பிழை பெரும்பாலும் வேறு இடத்துக்கு மாறியிருக்கும். இரண்டையும் வைத்து நல்லதை ஒட்டிக்கொள்ளலாம்.

அப்பா காசு மிச்சம் பிடிக்கிறவரா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் எடுக்க ‘எல்பி’ என்று ஒரு வேகம் உண்டு. அதில் கோட்டின் அகலம் 6.7 மைக்ரானாகச் சுருங்கிவிடும். அப்படி எழுதிய டேப் பெரும்பாலும் எழுதிய கேமராவில்தான் ஒழுங்காக ஓடும். வேறு கேமராவில் போட்டால் சிதறக்கூடும். உங்கள் கேமராவை விற்பதற்கு முன் யோசிக்கச் சொல்வது இதனாலும்தான். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் கொடுத்த டேப் அந்த டப்பாவில் கலந்திருந்தால் அது ‘என்டிஎஸ்சி’ என்ற அந்த நாடுகளின் தொலைக்காட்சி முறையில் இருக்கும். உங்கள் கேமரா வாங்கிய சிங்கப்பூரிலும் நம் நாட்டிலும் ‘பால்’. அந்த ஒரு டேப்புக்கு வேறு கேமரா தேட வேண்டி வரலாம்.

கடைக்காரர்கள் ஒருபோதும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த டேப்பில் படமும் ஒலியும் மட்டும் இல்லை. ஒவ்வொரு பிரேமோடும் அது எடுக்கப்பட்ட தேதி, மணி, நிமிடம், விநாடி எழுதப்பட்டிருக்கிறது. படத்தின் மேல் அச்சாகாமல், பின்னால் மறைவாக. கேமராவிலோ ரிமோட்டிலோ ‘டேட்டா கோட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள், திரையில் எழும். ஃபயர்வயர் வழியாக நகல் எடுத்தால் இந்தத் தகவலும் கோப்புக்குள் வந்துவிடும். பதிவை எங்கே நிறுத்தித் தொடங்கினார்கள் என்பதை வைத்து மென்பொருளே காட்சி காட்சியாக வெட்டி, தேதியைக் கோப்பின் பெயராக வைத்துவிடும். மஞ்சள்-சிவப்பு-வெள்ளைக் கம்பி வழியாக எடுத்தால் அத்தனையும் போய்விடும். என் முதல் இரண்டு டேப்புகளை நான் எங்கள் ஊர்க் கடையொன்றில் டிவிடியாக்கக் கொடுத்து, வந்த தட்டை நம்பி டேப்பின் மேலேயே வேறு ஏதோ பதிவு செய்துவிட்டேன். என் பாட்டி கடைசியாகப் பேசியது அந்தத் தட்டில் இருக்கிறது. அது தைப்பொங்கலுக்கு முன்பா பின்பா என்று இன்றும் வீட்டில் வாதம் நடக்கிறது. டேப் இருந்திருந்தால் ஒரு பொத்தானில் தீர்ந்திருக்கும்.

இதில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிங்கப்பூரில் கடையிலேயே நேரம் வைத்துக் கொடுத்திருப்பார்கள். ஊருக்கு வந்து அப்பா அதை மாற்றினாரா என்று பாருங்கள். மாற்றவில்லை என்றால் எல்லாம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். காலை ஆறு மணி முகூர்த்தம் எட்டரை என்று காட்டும்.

வந்த மூலக் கோப்பை வெட்டாமல், சுருக்காமல் இரண்டு வேறு டிஸ்க்குகளில் வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில். குடும்பத்துக்கு அனுப்ப வாட்ஸ்அப்புக்கு ஏற்ற எம்பி4 தனியாகச் செய்துகொள்ளுங்கள். அப்போது கை வேகமாக அசையும் இடங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். படம் பழுதில்லை. அக்காலத்து வீடியோ ஒரு பிரேமை ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டு அரைப்படங்களாக, விநாடிக்கு 50 அரைப்படங்களாக எடுத்தது. ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் ‘டீஇன்டர்லேஸ்’ தேர்ந்தெடுத்து 50 பிரேமாக வெளியிடுங்கள். 25 என்று வைத்தால் அசைவின் வழவழப்புப் போய்விடும். முகங்களைப் பக்கவாட்டில் இழுத்துத் திரையை நிரப்பாதீர்கள். படம் 4:3-இல் எடுத்தது, இரு பக்கமும் கறுப்பாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

22-உம் முடிந்ததா? இனி கேமரா உங்களுடையது. புதுப் பேட்டரி சுலபம். அந்தக் காலத்து டிஆர்வி வரிசையில் பலவற்றுக்கு என்பி-எஃப்எம்50 பொருந்தும், வேறு நிறுவனங்கள் செய்தது இன்றும் கிடைக்கிறது. மலிவுச் சரக்கைக் கேமரா அடையாளம் காணாவிட்டால் சி:04 என்று மறுக்கும். சிரமம் டேப்புக்குத்தான், பழைய இருப்பில் உறை பிரிக்காதது கிடைத்தால் வாங்குங்கள். முதல் அரை நிமிடம் லென்ஸ் மூடியோடு பதிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள். டேப்பின் தொடக்கம்தான் முதலில் கசங்கும். வேகம் எஸ்பி, அதாவது சாதாரண வேகம்; ஒலி 16 பிட். நடுவில் பின்னால் ஓட்டிப் பார்த்தால் ‘எண்ட் சர்ச்’ அழுத்தி விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். இடைவெளி விழுந்தால் டேப்பின் நேரக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கி, காட்சி தேடுவது தொல்லையாகும்.

அந்தக் காலத்து வீடியோ போல வருமா என்றால், வேறு எப்படி வரும்? போன் செயலியில் கறை பூசிச் செய்வதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இதில் இருப்பது சிசிடி சென்சார், ஒளியைப் படமாக்கும் சில்லு. ஒவ்வோர் அரைப்படத்தையும் முழுதாக ஒரே கணத்தில் பிடிக்கும். தவில்காரரின் கையோ ஓடும் பஸ்ஸோ கோணலாக வளையாது. இருட்டில் கார் முகப்பு விளக்கைப் பார்த்தால் மேலும் கீழும் ஒளித்தூண் ஒன்று நிற்கும். பகலில் படம் அழகு. இரவில் பொரி பொரியாகப் புள்ளி அடிக்கும், அதை அழகு என்று சொல்லிக்கொள்ளத் தைரியம் வேண்டும். ஒருவேளை டேப் நன்றாக ஓடியும் கேமரா பார்வை கறுப்பாகவோ ஊதாக் கலங்கலாகவோ வந்தால் சிசிடி போயிருக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் அக்காலச் சென்சார்கள் சில இப்படிப் பழுதாவதை 2005-இல் சோனியும், அதன் சென்சாரைப் பயன்படுத்திய வேறு சில நிறுவனங்களும் அறிவித்து இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. அந்தச் சலுகையை இன்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் படமெடுக்கும் கண் குருடானாலும் டேப் ஓட்டும் பகுதி நன்றாகவே இருக்கும். நகல் எடுக்கும் வேலைக்கு அது போதும்.

விற்பது பற்றி: இப்போது வேண்டாம். கோப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றையும் கடைசி வரை பார்த்து முடியுங்கள். எங்காவது ஒலி விட்டிருந்தால், பாதியில் நின்றிருந்தால், அதே கேமராவில் அந்த டேப்பை மறுபடி ஓட்ட வேண்டும். பார்த்து முடிக்க உங்களுக்கு எப்படியும் ஒரு மாதம் ஆகும். அதன் பிறகும் விற்கத் தோன்றினால், அடாப்டரையும் ரிமோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அவை இல்லாத கேமராவுக்குப் பாதி விலைகூட வராது. உள்ளே கேசட் ஏதும் மறந்து கிடக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்; 23-ஆவது டேப் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.